பேச்சுக்கும் ஒரு பேரேடு



கடை வைத்திருக்கும் நமக்குக் கணக்கு எழுதுவது புதிதல்ல. காலையில் கல்லாவில் இருந்த சில்லறை எவ்வளவு, இரவில் சேர்ந்த ரொக்கம் எவ்வளவு, யாருக்குக் கடன் போயிற்று, எந்தச் சரக்குத் தீர்ந்தது என்று 5 காசு விடாமல் எழுதி வைக்கிறோம். ஆனால் காலை முதல் இரவு வரை நம் வாயிலிருந்து புறப்பட்டுப் போகும் சொற்களுக்கு மட்டும் கணக்கு வைப்பதில்லை. அவை செலவே அல்ல என்று எண்ணிக் கொண்டிருக்கிறோம். உண்மையில் அவையும் செலவுதான்; சில வேளைகளில் முதலையே கரைத்துவிடும் செலவு.

அடங்காத பேச்சுப் பழக்கம் தம்மிடம் இருக்கிறதா என்று ஒருவர் எப்படி அறிந்து கொள்வது, அறிந்தபின் அதை எப்படிக் கட்டுக்குள் கொண்டு வருவது என்பதே இந்தப் பாடம். மார்க்கப் பெரியோர் காட்டிய வழியை முதன்மையாகக் கொண்டு, இக்கால ஆராய்ச்சி சொல்வதையும் சேர்த்துப் பார்ப்போம்.

வியாபாரிக்குப் பேச்சு வேண்டாமா?

பேசாமல் வியாபாரம் எப்படி நடக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். புக்கிட் காத்திலிலும் சரி, மலாக்கா டவுனிலும் சரி, நம்மவர் கடைகள் வாய்ப் பேச்சாலும் வளர்ந்தவையே. 1796-ல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ் தம் சுயசரித்திரத்தில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது இவ்வூரின் பழைய வழக்கம் என்றும், கணக்குப் பார்க்கவும் வியாபாரிகளோடு பேசவும் அது பயன்பட்டது என்றும் எழுதியிருக்கிறார். ஆக, பேச்சும் கணக்கும் இவ்வூரில் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தவை. ஊமையாக இருப்பது நம் நோக்கமல்ல. அளவு தெரிந்து பேசுவதே நோக்கம்.

மதீனத்து வியாபாரிகளில் ஒருவரான கைஸ் பின் அபீ கரஸா (ரலி) அவர்கள் ஒரு செய்தியை அறிவிக்கிறார்கள். அந்நாளில் தங்களைத் தரகர்கள் என்று அழைத்து வந்ததாகவும், நாயகம் (ஸல்) அவர்கள் தங்களிடம் வந்து, அதைவிட அழகிய பெயராகத் 'துஜ்ஜார்', அதாவது வியாபாரிகள் என்று அழைத்ததாகவும் சொல்கிறார்கள். அவ்வாறு அழைத்த கையோடு நாயகம் (ஸல்) அவர்கள், விற்பனையில் வீண் பேச்சும் சத்தியமும் வந்து சேர்ந்து விடுகின்றன, ஆகவே அதனோடு தர்மத்தைக் கலந்து கொள்ளுங்கள் என்ற கருத்தில் புத்தி சொன்னார்களாம். அபூதாவூது, திர்மிதீ முதலிய ஹதீது கிரந்தங்களில் இது இடம் பெற்றிருக்கிறது. நமக்கு நல்ல பெயர் சூட்டிய அதே இடத்தில் நம் தொழிலுக்குரிய நோயையும் அதற்கு மருந்தையும் காட்டிவிட்டார்கள்.

அந்த நோய் எப்படி வருகிறது? சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறோம், அது தேவை. வாங்குபவர் தயங்குகிறார், இரண்டாவது வார்த்தை சொல்கிறோம். மூன்றாவதில் கொஞ்சம் மிகை கலக்கிறது. நான்காவதில் அல்லாஹ்வின் பெயரே நாவில் வந்துவிடுகிறது. பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் கடையைத் திறப்பதில்லை. நிறுத்தத் தெரியாத வாய்தான் அங்கே கொண்டு போய் விடுகிறது.

நஷ்டம் யாருக்கு?

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மளிகைக் கடையில் ஒரு தகப்பனாருக்குச் சில மாதப் பாக்கி நிற்கிறது. கடைக்காரரின் 555 புத்தகத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. அவர் மகளுக்கு நிக்காஹ் பேசுகிறார்கள். அந்த விஷயம் அறியாத கடைக்காரர், தேநீர்க் கடையில் நாலு பேரோடு பேசிக்கொண்டிருக்கிறார். விலைவாசியைப் பற்றிய பேச்சு, கடனைப் பற்றிய பேச்சாக மாறுகிறது. "நம்ம அந்த நானாவே பாவம், மூன்று மாதமாகத் தட்டுத் தடுமாறுகிறார்" என்று இரக்கத்தோடுதான் சொல்கிறார். மாப்பிள்ளை வீட்டார் காதுக்கு அது எட்டுகிறது. பேச்சு வார்த்தை நின்று போகிறது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை, ஏசவில்லை, கெடுக்கவும் நினைக்கவில்லை. அதிகமாகப் பேசினார், அவ்வளவே. ஆனால் ஒரு பெண் பிள்ளையின் வாழ்வில் அது விழுந்துவிட்டது. கடன் புத்தகம் நம் கையில் இருப்பது அமானிதம். பூட்டி வைத்த புத்தகத்தை நாவினால் திறந்து காட்டினால் பூட்டு எதற்கு?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1058-ல் தூஸ் நகரில் பிறந்து 1111-ல் மறைந்தவர்கள். அவர்களுடைய இஹ்யா உலூமித்தீனில் உள்ள 40 பாகங்களில் ஒன்று முழுவதும் நாவின் ஆபத்துகளைப் பற்றியது. அதில் 20 ஆபத்துகளை வரிசைப்படுத்துகிறார்கள். தனக்குச் சம்பந்தமில்லாததைப் பேசுவது முதலாவது. அளவுக்கு மிஞ்சிப் பேசுவது இரண்டாவது. இரகசியத்தை வெளியிடுவது பன்னிரண்டாவது. புறம் பேசுவது பதினைந்தாவது. நம் உதாரணக் கடைக்காரர் முதல் இரண்டு வாசல் வழியே நுழைந்து, தமக்கே தெரியாமல் பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார். நடந்ததையே சொன்னாலும், சம்பந்தப்பட்டவர் கேட்டால் வருந்துவார் என்றால் அது புறம்தான் என்பது ஹதீதின் விளக்கம்.

அடையாளங்கள்

இப்பழக்கம் நம்மிடம் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளச் சில அடையாளங்கள்:

1. கேட்ட கேள்விக்குப் பதில் முடிந்த பின்னும் பேச்சு முடிவதில்லை.
2. எதிரில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பதும், பையை எடுப்பதும் கண்ணில் படுகிறது. ஆயினும் நிறுத்த முடியவில்லை.
3. ஒரே கதையை ஒரே ஆளிடம் திரும்பச் சொல்கிறோம்.
4. அடுத்தவர் பேசும்போது அவர் சொல்வதைக் கேட்காமல் நம் முறைக்குக் காத்திருக்கிறோம்.
5. சில விநாடி மௌனம் நேர்ந்தால் அதைத் தாங்க முடியாமல் எதையாவது சொல்லி நிரப்புகிறோம்.
6. வீடு திரும்பிய பின், "அதைச் சொல்லியிருக்க வேண்டாமே" என்ற எண்ணம் அடிக்கடி வருகிறது.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்ராஸ்கி, ரிச்மண்ட் என்ற இருவர், அடக்க முடியாமல் பேசுவோரை அடையாளம் காண 1993-ல் ஒரு வினாப் பட்டியல் வெளியிட்டார்கள். அதில் 16 வாக்கியங்கள். அவற்றில் 10-க்கு மட்டுமே மதிப்பெண். மொத்தம் 10 முதல் 50 வரை வரலாம். 40-க்கு மேல் வந்தால் பேச்சு அவருக்கு அடங்காப் பழக்கமாகிவிட்டது என்று கொள்கிறார்கள். அதிகம் பேசுகிறோம் என்று தெரிந்தும் நிறுத்த முடியாமை இதன் முக்கிய அடையாளம்.

ஏன் நிறுத்த முடிவதில்லை? 2012-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சி ஒன்று வியாபாரிகளாகிய நமக்கு எளிதில் விளங்கும். பிறரைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொன்னால் சற்றுக் கூடுதல் காசு, தன்னைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொன்னால் குறைந்த காசு என்று வைத்துப் பார்த்தார்கள். வந்த காசில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துத் தம்மைப் பற்றிப் பேசுவதையே பலர் விரும்பினார்கள். உணவும் பணமும் தரும் இன்பத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் அப்போது வேலை செய்ததையும் கண்டார்கள். பேச்சு ஒரு ருசி. காசு கொடுத்தாவது அதை மனிதன் வாங்குகிறான்.

பெண்கள்தாம் அதிகம் பேசுவார்கள் என்று நம் ஆண்கள் சொல்லித் தப்பித்துக் கொள்வதுண்டு. 2007-ல் 396 மாணவர்களின் பேச்சைக் கருவியால் பதிவு செய்து எண்ணிப் பார்த்ததில், ஆண் பெண் இரு பாலாரும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 16,000 சொற்கள் பேசுவதாகவே தெரிந்தது. ஆகவே இந்தப் பாடம் வீட்டுக்குள் அனுப்பி வைக்கும் பாடமல்ல. கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் உரியது.

நான்கு கலம்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பேச்சை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். முற்றிலும் தீமையானது, முற்றிலும் நன்மையானது, இரண்டும் கலந்தது, இரண்டும் இல்லாதது. தீமையானதை விட்டுவிட வேண்டும். தீமையும் நன்மையும் கலந்ததில் தீமை மிஞ்சுமானால் அதையும் விட வேண்டும். இரண்டும் இல்லாதது வீண். அதில் நேரம் போவதே நஷ்டம். எனவே பேச்சில் முக்கால் பங்கு தள்ளுபடியாகிக் கால் பங்கே மிஞ்சுகிறது. அந்தக் கால் பங்கிலும் முகஸ்துதியும் பெருமையும் கலந்துவிடாமல் கவனிக்க வேண்டும் என்கிறார்கள்.

வீண் பேச்சுக்கு அவர்கள் தரும் உரைகல்லும் எளியது. இதைச் சொல்லாமல் இருந்தால் நமக்குப் பாவமோ, இன்றைக்கோ நாளைக்கோ ஒரு நஷ்டமோ உண்டா? இல்லையென்றால் அது வேண்டாத பேச்சு. பிரயாணத்தில் கண்ட மலையையும் ஆற்றையும் உணவையும் விவரிப்பதைக்கூட உதாரணமாகக் காட்டுகிறார்கள். மனிதனின் மூச்சு அவனுடைய முதல் என்பதும் அவர்கள் கருத்தே. முதலை எடுத்துச் செலவழிப்பவன் நிலை என்னவாகும் என்று வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் தமிழிலும் இப்படியே. திருக்குறளில் 20-ஆம் அதிகாரம் 'பயனில சொல்லாமை' என்று இதற்கெனவே அமைந்திருக்கிறது.

எழுதி வைத்த பெரியார்

கூஃபா நகரில் வாழ்ந்த தாபியீன்களில் ஒருவர் ரபீஉ பின் குதைம் (ரஹ்) அவர்கள். காலையில் மைக்கூட்டையும் காகிதத்தையும் எழுதுகோலையும் எடுத்து வைத்துக்கொண்டு, தாம் பேசுவதை எல்லாம் எழுதிக்கொண்டே வந்து, மாலையில் அதைப் பார்த்துத் தம்மைத் தாமே கணக்குக் கேட்பார்களாம். இஹ்யாவில் வரும் செய்தி இது. மனிதன் சொல்லும் எச்சொல்லும் பதிவாகாமல் போவதில்லை என்று 50-ஆவது சூராவான காஃபில் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவு வெளிவரும் முன் தாமே ஒரு நகல் எழுதிப் பார்த்துக் கொண்டார்கள்.

இந்த வழியை நம் கடைக்கு ஏற்றபடி செய்து பார்க்கலாம்.

1. ஒரு சிறிய 555 புத்தகம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக் கொள்ள வேண்டும். எல்லாச் சொல்லையும் எழுத வேண்டாம். வேண்டாத பேச்சு வந்ததாகத் தெரியும்போதெல்லாம் ஒரு கோடு போட்டால் போதும். இஷாவுக்குப் பின் கோடுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2. ஒரு கோட்டுக்கு 10 காசு என்று ஒரு டப்பாவில் போட்டு, மாத முடிவில் ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். வியாபாரத்தில் தர்மத்தைக் கலக்கச் சொன்ன நாயக வாக்குக்கு இது பொருந்தும்.

3. கோடு எங்கே அதிகம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். சிலருக்குத் தேநீர்க் கடை, சிலருக்கு ஜும்ஆ முடிந்த பள்ளி வாசற்படி, சிலருக்குக் கைப்பேசி. குரல் பதிவு அனுப்புவோர் அது எத்தனை நிமிஷம் என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

4. வாடிக்கைக்காரர் ஒன்று கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்லி நிறுத்த வேண்டும். அடுத்த கேள்வி அவரிடமிருந்து வரட்டும்.

5. அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் பேச்சைத் தடுக்க வாயில் கூழாங்கல் வைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். நமக்கு ஸலவாத்து போதும். நாவுக்கு ஒரு வேலை கொடுத்தால் அது வேறு வேலை தேடாது.

6. நாளுக்கு ஒரு முறையாவது, சொல்லத் துடிக்கும் ஒரு நல்ல கதையைக்கூடச் சொல்லாமல் விட்டுப் பழக வேண்டும். பாவமில்லாத பேச்சை விடப் பழகியவருக்குப் பாவமான பேச்சை விடுவது இலகு.

7. மனைவியிடமோ கடைப் பங்காளியிடமோ ஒரு ஜாடை சொல்லி வைக்கலாம். அவர் ஜாடை காட்டினால் கோபிக்கக் கூடாது.

பழக்கம் வேறு, நோய் வேறு

வழக்கமாக அளவோடு பேசும் ஒருவர் திடீரென்று இரவு தூக்கமில்லாமல் மளமளவென்று பேசுகிறார், கண்டபடி செலவு செய்கிறார், பெரிய பெரிய திட்டம் சொல்கிறார் என்றால், அது மனநோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். வயதான ஒருவர் சற்று முன் சொன்னதையே மறந்து மறுபடி மறுபடி சொன்னால், அது ஞாபக சக்தி குறையும் நோயாக இருக்கலாம். இவர்களைப் பரிகாசம் செய்வதும், வாயை மூடச் சொல்வதும் தகாது. கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மருந்தும் துஆவும் சேர்ந்தே இருக்கட்டும்.

இன்னொரு சாராரும் உண்டு. மனைவி மறைந்து, பிள்ளைகள் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட, ஒரு ரொட்டி வாங்க வந்து அரைமணி நேரம் நின்று பேசும் பெரியவர்கள். அவர்களுக்கு அன்று பேசக் கிடைத்த ஆள் நாம் மட்டுமே. அங்கே நாம் கேட்டுக்கொண்டிருப்பதும் ஸதகாதான். நம் பேச்சைக் குறைப்பதன் பலனே, பிறர் பேச்சுக்குக் காது கொடுக்க நேரம் கிடைப்பதுதானே!

முடிவாக ஒன்று. நாயகம் (ஸல்) அவர்கள் பேசும்போது, ஒருவர் விரும்பினால் அவர்களுடைய சொற்களை எண்ணிவிடலாம், அத்தனை நிதானமாகப் பேசுவார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் அறிவித்ததாக புகாரீ ஷரீஃபில் வருகிறது. எண்ணக்கூடிய பேச்சே சுன்னத்தான பேச்சு. எண்ணுவது நம் தொழில். காசை எண்ணும் விரலால் சொல்லையும் எண்ணிப் பழகுவோமாக.

வல்ல நாயன் அல்லாஹு தஆலா நம் கடைகளுக்குப் பரக்கத்தையும், நம் நாவுக்கு அடக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.