டாக்டர்கள் கூடிப் பேசும்போது நம் பக்கத்துப் பேச்சும் வேண்டும்

இந்த மாதப் பாடம்: தாய் இறப்பு ஆய்வுக் கூட்டம்
(குழுக் கூட்டத்தில் ஊக்குநர் அல்லது பிரதிநிதி நிறுத்திப் படிக்கவும். கடைசியில் உள்ள கேள்விகளை எல்லோரும் சேர்ந்து பேசவும்.)



கோயம்புத்தூரில் டாக்டர்கள் மாநாடு என்று பேப்பரில் அடிக்கடி பார்க்கிறோம். "நமக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று பக்கத்தைத் திருப்பி விடுகிறோம். ஆனால் பேப்பரில் வராத இன்னொரு கூட்டம் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் அது நடக்கிறது. கர்ப்பத்திலோ பிரசவத்திலோ ஒரு பெண் இறந்து போனால், டாக்டர்களும் சுகாதார அதிகாரிகளும் உட்கார்ந்து அந்த ஒரு சாவைப் பற்றிப் பேசுவார்கள். ஏன் இறந்தார்? எந்த இடத்தில் காப்பாற்றியிருக்கலாம்? அடுத்த பெண்ணுக்கு இப்படி நடக்காமல் இருக்க என்ன மாற்ற வேண்டும்? இதுதான் தாய் இறப்பு ஆய்வு.

இந்தக் கூட்டத்துக்கும் நமக்கும் நேரடி சம்பந்தம் இருக்கிறது. அதைப் புரிந்து கொள்ளத்தான் இந்தப் பாடம்.

எந்த இறப்பு கணக்கில் வரும்?

ஒரு பெண் கர்ப்பமாக இருக்கும்போது இறந்தாலும், பிரசவத்தில் இறந்தாலும், பிரசவம் முடிந்து 42 நாளைக்குள் இறந்தாலும் தகவல் கொடுக்க வேண்டும். கரு கலைந்தோ, கலைத்தோ 42 நாளைக்குள் இறந்தாலும் அப்படித்தான். வீட்டில் இறந்தாலும், வழியில் இறந்தாலும், அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி எதில் இறந்தாலும் சரி.

"கருவைக் கலைச்சதுல போயிட்டா, வெளிய சொன்னா மானம் போயிரும்" என்று சில வீடுகளில் மறைத்து விடுகிறார்கள். அப்படி மறைக்கப்பட்ட சாவிலிருந்து யாருக்கும் பாடம் கிடைக்காது. அதே மாதிரி அடுத்த ஊரில் இன்னொரு பெண் சாவாள்.

இந்த ஆய்வு நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. இங்கிலாந்தில் 1952லிருந்தே ஒவ்வொரு தாயின் இறப்பையும் ரகசியமாக விசாரித்துப் பாடம் எழுதி வருகிறார்கள். பக்கத்துக் கேரளாவில் மகப்பேறு டாக்டர்களின் சங்கமே 2004லிருந்து இதைச் செய்கிறது. தமிழ்நாட்டில் 1990களிலேயே ஆரம்பித்தார்கள். 2010ல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் வழிகாட்டி வெளியிட்டது.

பலன் இருக்கிறதா? ஒரு லட்சம் குழந்தை உயிரோடு பிறந்தால், தமிழ்நாட்டில் 2001-03ல் 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20ல் அது 54 ஆகக் குறைந்தது. அதே 2018-20ல் இந்தியா முழுக்கப் பார்த்தால் 97. கேரளாவில் 19. நாம் நிறைய முன்னேறியிருக்கிறோம், ஆனாலும் கேரளாவைப் பார்த்தால் இன்னும் குறைக்க முடியும் என்று தெரிகிறது.

பாடத்துக்காக ஒரு கதை

இது யார் வீட்டிலும் நடந்ததாக நினைக்க வேண்டாம். பாடத்துக்காக அமைத்தது. ஆனால் கேட்கும்போது உங்களுக்குத் தெரிந்த யாராவது ஞாபகத்துக்கு வரலாம்.

தலைச்சன் பிரசவம். நம் பக்கத்து வழக்கப்படி வளைகாப்புப் போட்டு அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். தோட்டத்துச் சாளையில் வீடு. தாய் சேய் நல அட்டை மாமியார் வீட்டுப் பீரோவிலேயே இருந்து விட்டது. இந்த ஊர் நர்சம்மாவுக்கு இந்தப் பெண் வந்ததே தெரியாது.

வெள்ளிக்கிழமை மதியம் 2 மணிக்குக் கடுமையான தலைவலி. "வெயில்ல வந்திருக்கும் கண்ணு" என்று தைலம் தேய்த்தார்கள். சாயங்காலம் 6 மணிக்குக் கண் மங்கலாகத் தெரிகிறது என்றாள். திருப்பூர் கம்பெனியில் இருந்த மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்கள். "சிப்ட் முடிச்சு வந்தர்றேன், வந்து பாத்துக்கலாம்" என்றார். இரவு 9 மணிக்கு வலிப்பு வந்தது. ஜன்னி என்று விபூதி போட ஆள் கூப்பிடப் போனார்கள். 10.15க்குத்தான் 108க்குப் போன் செய்தார்கள். சாளைக்கு வழி தெரியாமல் வண்டி சுற்றியது. 11.15க்கு முதல் ஆஸ்பத்திரி. அங்கிருந்து "மேலே" எழுதிக் கொடுத்தார்கள். 12.30க்குப் பெரிய ஆஸ்பத்திரி. வலிப்பை நிறுத்தும் மெக்னீசியம் சல்பேட் ஊசி அங்கேதான் போடப்பட்டது. விடியற்காலை 5 மணிக்கு இறந்து போனாள்.

இப்போது ஆஸ்பத்திரி பைலைப் பாருங்கள். "இரவு 11.15க்கு வந்தார். வலிப்பு. பிபி 180/120." அதிலிருந்துதான் எழுத்து ஆரம்பிக்கிறது. காலை 5 மணி வரை ஒவ்வொன்றுக்கும் நேரம் இருக்கிறது. ஆனால் மதியம் 2 மணியிலிருந்து இரவு 11.15 வரை, ஒன்பதேகால் மணி நேரம், பைலில் ஒரு வரி கூட இல்லை.

அந்த ஒன்பதேகால் மணி நேரம் யாருக்குத் தெரியும்? வீட்டில் இருந்த பெண்களுக்குத்தான் தெரியும். நாம் சொல்லாவிட்டால் டாக்டர்கள் கூட்டம் மீதி ஐந்தே முக்கால் மணி நேரத்தைப் பற்றி மட்டும் பேசி முடித்து விடும்.

மூன்று தாமதங்கள்

1994ல் சரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தாய்மார் இறப்பதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று எழுதினார்கள். இன்றும் உலகம் முழுக்க இதை வைத்துத்தான் ஆய்வு செய்கிறார்கள்.

முதல் தாமதம், வீட்டில் முடிவு எடுக்க ஆகும் நேரம். "இது சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடி." "அழுக்கு ரத்தம் போனா நல்லதுதான்." "ராகு காலம் போகட்டும்." "அவரு வரட்டும்." கதையில் வந்த பெண்ணுக்கு இதிலேயே எட்டேகால் மணி நேரம் போய் விட்டது.

இரண்டாம் தாமதம், போய்ச் சேர ஆகும் நேரம். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு 40 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். தாளவாடியிலிருந்து சத்தியமங்கலம் வர திம்பம் மலையில் 27 வளைவு. சமவெளியிலும் தோட்டத்துச் சாளைக்கு ராத்திரியில் வழி கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை.

மூன்றாம் தாமதம், ஆஸ்பத்திரிக்குள் சரியான வைத்தியம் கிடைக்க ஆகும் நேரம். டாக்டர் இல்லை, ரத்தம் இல்லை, முதல் ஊசி போடாமல் மேலே அனுப்புவது, போகிற ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே போன் பண்ணாதது எல்லாம் இதில் சேரும். கதையில் முதல் ஆஸ்பத்திரியிலேயே அந்த ஊசியின் முதல் டோஸைப் போட்டு அனுப்பியிருக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் டாக்டர்கள் கூட்டம்.

டாக்டர்கள் பக்கம் என்ன மாறியது?

திரும்பத் திரும்ப ஒரே காரணம் வந்தால் ஏற்பாட்டையே மாற்ற வேண்டியிருக்கும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகளைப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு வந்தது. ஆபரேசன், ரத்தம், டாக்டர் எல்லாம் ராப்பகலாக இருக்கும் "சீமாங்க்" மையங்கள் 2004லிருந்து வந்தன. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பொள்ளாச்சி அரசு மருத்துவமனையிலும் இந்த வசதி இருக்கிறது. 2008 செப்டம்பரில் 108 வந்தது. மலைப்பகுதிப் பெண்கள் தேதிக்கு முன்பே வந்து தங்க காத்திருப்பு அறைகள் வந்தன.

சின்ன மாற்றம் கூடப் பெரிய பலன் தரும். பிரசவம் முடிந்து ரத்தம் எவ்வளவு போகிறது என்று கண்ணால் பார்த்து மதிப்புப் போடுவதுதான் வழக்கம். அது பெரும்பாலும் குறைவாகத்தான் தெரியும். அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தாய்க்கு அடியில் விரித்தால் ரத்தம் அதில் இறங்கும், அளவு தெரிந்து விடும். அளவு தாண்டியதும் கருப்பையைத் தேய்ப்பது, ஊசி, டிரிப் எல்லாவற்றையும் ஒன்றாக உடனே ஆரம்பிக்க வேண்டும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். ஆபத்தான ரத்தப் போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன என்று 2023ல் முடிவு வந்தது.

ஆனால் டாக்டர்கள் எவ்வளவு மாற்றினாலும் மூன்றாம் தாமதம்தான் முழுதாக அவர்கள் கையில் இருக்கிறது. முதல் தாமதம் நம் வீட்டில். இரண்டாவதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

விசாரிக்க வந்தால் என்ன செய்வது?

இறப்பு நடந்த பிறகு சுகாதாரத் துறையினர் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டு எழுதுவார்கள். மாவட்டத்தில் டாக்டர்கள் குழு பார்க்கும். கலெக்டரும் ஆய்வு செய்வார். அந்தக் கலெக்டர் ஆய்வுக்கு இறந்தவர் குடும்பத்தில் இரண்டு பேரை அழைக்க வேண்டும் என்று 2010 வழிகாட்டியிலேயே இருக்கிறது. இது நிறையப் பேருக்குத் தெரியாது.

"நம்ம மேலயே பழி போட்டுருவாங்களோ?" "ஆஸ்பத்திரிக்காரங்க கோவிச்சுக்குவாங்களோ, நாளைக்கு அங்கதான போகோணும்?" என்று பயம் வருவது இயற்கை. இந்த ஆய்வு யாரையும் தண்டிக்க நடத்துவதில்லை. வீட்டுக்காரர்களையும் இல்லை, நர்சையும் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லலாம். வீட்டில் தாமதம் ஆனதையும் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியில் காத்திருக்க வைத்ததையும் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றை மறைத்தாலும் பாதிப் பாடம் போய் விடும்.

வைத்தியத்தில் குறை என்று தனியாகப் புகார் கொடுக்க நினைத்தால் அது வேறு வழி. 104க்குப் போன் செய்யலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம்.

அழைப்பு வந்தால் ஆண்களை மட்டும் அனுப்பாதீர்கள். அந்த ராத்திரி பக்கத்தில் இருந்த அம்மாவோ, மாமியாரோ, அக்காவோ போக வேண்டும். துணைக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசல் வரை குழுவிலிருந்து ஒருவர் போகலாம்.

நம் குழு செய்ய வேண்டியது

வரவு செலவு, தீர்மானம், வட்டி எல்லாம் தேதி போட்டு எழுதிப் பழகியவர்கள் நாம். ஐந்து ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறோம். அதே பழக்கம் இங்கேயும் வேண்டும்.

1. குழுவில் ஒரு நோட்டுப் போடுங்கள். உறுப்பினர் வீட்டுக் கர்ப்பிணிகள் பெயர், பிரசவத் தேதி, கடைசியாகப் பார்த்த பிபி, ரத்த அளவு எழுதுங்கள். பிபி 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், ரத்தம் 11க்குக் கீழே இருந்தாலும் நர்சம்மாவைப் பார்க்க வேண்டும். ரத்தம் 7க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. தள்ளிப் போடவே கூடாது.

2. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகும் பெண்ணுடன் அட்டையும் போக வேண்டும். இரண்டு ஊர் நர்சம்மாவுக்கும் சொல்ல வேண்டும். நம் ஊர் கம்பெனி, கோழிப்பண்ணை, சூளைகளில் வேலை செய்யும் வடநாட்டுப் பெண்களுக்கு அம்மா வீடு பக்கத்தில் இல்லை. அவர்கள் பெயரையும் நோட்டில் எழுதுங்கள்.

3. இந்த அறிகுறிகள் வந்தால் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்: ரத்தப் போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், வலிப்பு, மூச்சு வாங்குதல், காய்ச்சல், நாற்றத்துடன் வெள்ளைப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தை அசைவு குறைதல். பிரசவம் முடிந்த பின்னும் 42 நாள் வரை கவனம் வேண்டும்.

4. 108க்குச் சொல்ல சாளைக்கு வழி அடையாளம் எழுதி வையுங்கள். "கோயில் தாண்டி, பால் சொசைட்டிக்கு எதிர்த்த மண் ரோடு" என்கிற மாதிரி. ராத்திரியில் மெயின் ரோட்டில் டார்ச்சோடு ஒரு ஆள் நிற்க வேண்டும்.

5. அவசரக் கடனுக்கு முன்கூட்டியே தீர்மானம் போட்டு வையுங்கள். ராத்திரி கையெழுத்துக்கு அலையக் கூடாது.

6. துணைக்குப் போகிறவர் நேரம் எழுத வேண்டும். வலி எப்போது, போன் எப்போது, வண்டி எப்போது, முதல் ஊசி எப்போது என்று துண்டுச் சீட்டில் எழுதினால் போதும். எழுதத் தெரியாவிட்டால் செல்போனில் யாருக்காவது போன் செய்து சொல்லுங்கள், அவர் எழுதட்டும். தாய் நன்றாக வீடு திரும்பினாலும் அந்தச் சீட்டு டாக்டருக்கு உதவும். அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண் உடன் இருக்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் 2004லிருந்து இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

குழுவில் பேச வேண்டிய கேள்விகள்

1. கதையில் மதியம் 2 மணிக்கு நீங்கள் அந்த வீட்டில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?
2. நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போக முடிவு எடுப்பது யார்? அவர் ஊரில் இல்லாவிட்டால் யார்?
3. உங்கள் வீட்டுக்கு 108 வர வழி சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்குப் புரிகிறதா?
4. நம் ஊராட்சியில் இப்போது எத்தனை கர்ப்பிணிகள்? எல்லோரையும் நமக்குத் தெரியுமா?

இந்த மாதம் ஒவ்வொரு குழுவும் கர்ப்பிணி நோட்டை ஆரம்பித்து, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வரவும். நர்சம்மாவையும் அழைத்திருக்கிறோம். அவருடைய பட்டியலையும் நம் நோட்டையும் வைத்து, விடுபட்டவர் யார் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
கள ஒருங்கிணைப்பாளர்