கைக்கு வேலை கொடு

அன்புள்ள செல்விக்கு,

பழைய ஆல்பத்தை விரித்து, "இது யாரு, சொல்லுங்கத்தை" என்று தினமும் மாமியாரிடம் கேட்கிறாய், அவர் அழுதுவிடுகிறார் என்று எழுதியிருந்தாய். இன்றோடு அதை நிறுத்திவிடு, கண்ணு. பெயரும் அண்மையில் நடந்தவையும்தான் அவருக்கு வந்திருக்கும் அல்சைமர் நோயில் முதலில் போகின்றன. இல்லாததைக் கேட்டால் அவருக்கு அவமானம்தான் மிஞ்சும்.

கை பழகிய தொழில் அப்படிச் சீக்கிரம் போகாது. மூளை அதை வேறு இடத்தில் வைத்திருக்கிறது. அவர் காலமெல்லாம் பூக்கட்டியவர். ஒரு தாம்பாளத்தில் மல்லிகையும் நனைத்த வாழைநாரும் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து நீயே முதலில் கட்டத் தொடங்கு. அவர் விரல் தானாக வரும். கோணலாகக் கட்டினாலும் பிரிக்காதே, அந்தச் சரத்தையே தலையில் வைத்துக்கொள். முருங்கைக்கீரை உருவலாம், நூல் புடவை மடிக்கலாம். மொச்சை, பட்டாணி வேண்டாம். வாயில் போட்டுக்கொண்டால் புரையேறும்.

மல்லிகை வாசனைக்கு முகம் மலரவில்லையே என்று கலங்காதே. அல்சைமரில் நுகரும் சக்தி தொடக்கத்திலேயே மங்கிவிடும். அப்போது தொடுதலுக்குப் போ. எதிரில் வந்து, சொல்லிவிட்டு, வெதுவெதுப்பான நல்லெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துவிடு. பாட்டென்றால் அவர் குமரியாக இருந்தபோது ரேடியோவில் கேட்டது. அந்த வயதில் கேட்டவைதான் ஆழமாகத் தங்கும். பாட்டு ஓடும்போது டிவியை அணைத்துவிடு, இரண்டு சத்தத்தை அவரால் பிரித்தறிய முடியாது. இதற்கெல்லாம் முன்னால் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, கண்ணாடி பொருந்துகிறதா என்று டாக்டரிடம் காட்டிவிடு.

உன் கொழுந்தன் அனுப்பப்போகும் வண்ண விளக்கும் குமிழிக் குழாயும், 1970களில் நெதர்லாந்தில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்காக உருவான, புலன்களைத் தூண்டும் ஸ்னூசெலன் அறைகளிலிருந்து வந்தவை. பிறகுதான் முதியோர் இல்லங்களுக்கும் பரவின. வந்தால் வைத்துக்கொள். ஆனால் அந்தக் காசுக்குப் பகலில் துணைக்கு ஓர் ஆள் போட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

பூக்கட்டுவதோ பாட்டோ, எதுவானாலும் காலைப் பலகாரத்துக்குப் பிறகு கால் மணி, இருபது நிமிஷம் போதும். பொழுது சாயும்போது அவருக்குப் பதற்றம் கூடும், அப்போது புதிதாக எதையும் ஆரம்பிக்காதே. முந்தானையைத் திருகினாலோ முகத்தைத் திருப்பினாலோ அத்துடன் விட்டுவிடு.

ஞாயிற்றுக்கிழமை தாம்பாளத்தை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நீ படுத்துத் தூங்கு. அவருக்குப் பூக்கட்டத் தெரியாவிட்டால் அம்மாவே கற்றுத்தரட்டும்.

அன்புடன்,
பெரியம்மா