வயிற்றுப்போக்கில் தண்ணீர் உடம்பில் சேருமா?

குழந்தைக்குப் பேதியானால் "தண்ணியே கொடுக்காதே, இன்னும் போகும்" என்று தடுக்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குழந்தையின் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அறிவுரை உயிருக்கே ஆபத்தாக முடியலாம். குடல் செல்லின் சவ்வு எதை, எப்படி உள்ளே விடுகிறது என்று தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும்.

நம்பிக்கை: செல் சவ்வு ஒரு சல்லடை. சிறியது நுழையும், பெரியது நிற்கும்.

உண்மை: அளவு மட்டும் கணக்கில்லை. சவ்வின் உட்பகுதி கொழுப்பால் ஆனது. ஆக்சிஜனும், கொழுப்பில் கரையும் ஸ்டீராய்டு ஹார்மோன்களும் அதைத் தாமாகவே கடக்கும். ஸ்டீராய்டைவிட மிகச் சிறிய சோடியம் அயனியால் அது முடியாது. காரணம் அதன் மின்னூட்டம். சோடியத்துக்கும் குளுக்கோஸுக்கும் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் வழிவிட வேண்டும்.

நம்பிக்கை: எந்தப் பொருளும் செறிவு அதிகமான பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத்தான் போகும்.

உண்மை: ஆற்றலைச் செலவழித்தால் எதிர்த்திசையிலும் போகும். சவ்விலுள்ள சோடியம் பம்ப் ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. இதைக் கண்டறிந்த யென்ஸ் ஸ்கௌவுக்கு 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது. பம்ப் ஓயாமல் இயங்குவதால் குடல் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. அதனால் குடலில் உள்ள சோடியம் உள்ளே வர முனைகிறது. அதற்கு வழிவிடும் ஒரு புரதம், 2 சோடியத்தோடு 1 குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே விடும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் வரும்.

நம்பிக்கை: பேதியின்போது குடிப்பதெல்லாம் வெளியேறிவிடும்.

உண்மை: காலரா நஞ்சு, குடல் செல்கள் குளோரைடையும் நீரையும் கொட்டும்படி செய்கிறது. ஆனால் சோடியம்-குளுக்கோஸ் புரதத்தை அது முடக்குவதில்லை. 1971-இல் மேற்கு வங்கத்தின் பாங்கான் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது.

நம்பிக்கை: சர்க்கரை கூடினால் தெம்பும் கூடும்.

உண்மை: கரைசல் அடர்த்தியானால், சவ்வூடு பரவலால் உடம்பிலுள்ள நீர் குடலுக்குள் இழுக்கப்படும், பேதி கூடும். குளிர்பானமும் இதையே செய்யும். வெறும் குளுக்கோஸ் பவுடரில் தேவையான உப்பு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-குளுக்கோஸ் கரைசலில் சோடியம், குளுக்கோஸ் இரண்டுமே லிட்டருக்கு 75 மில்லிமோல். அந்த அளவு காரணத்தோடு வைத்தது.

ஆகவே, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கலக்குங்கள். பாதிப் பொட்டலம், குத்துமதிப்பான தண்ணீர் வேண்டாம். பொட்டலம் கிடைக்காதபோது, கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். போகும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.