பக்கத்து வீட்டில் காசநோய்

கேள்வி: பக்கத்து போர்ஷன்காரருக்குக் காசநோய். ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தைகள் இருக்கிற இடம், இது சரியா?
- வாசகி ஒருவர், ஆவடி

பதில்: உங்கள் பயத்துக்குச் சென்னையே பதில் சொல்லியிருக்கிறது. 1956-ல் தொடங்கிய சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு இடநெருக்கடி, போதாத சாப்பாடு. ஆனாலும் குணமானது ஏறக்குறைய அதே அளவில்தான். அவர்கள் குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாக வரவில்லை! தொற்றுவது பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்பே, நோய் இன்னதென்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களில். மருந்து வேலை செய்யத் தொடங்கினால் பரப்பும் திறன் சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். உலகம் சானடோரியங்களைக் கைவிட இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

தட்டு, டம்ளரைத் தனியே வைப்பது வீண் (நம் வீடுகளில் முதலில் நடப்பது அதுதான்). காற்றில் பரவும் நோய்க்கு ஜன்னலைத் திறப்பதுதான் உதவும். மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவரிடம்தான் எனக்குப் பயம். உங்கள் பக்கத்து போர்ஷன்காரர் வீட்டுக் குழந்தைகளை அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காசு வாங்க மாட்டார்கள்.