வயிற்றின் நடுவே இரண்டு விரல் இடைவெளி

"என்னாடி, மறுபடியும் மாசமா?"

கொழுந்து நிறுவைக்கு நிற்கிற வரிசையில் இந்தக் கேள்வியைக் கேட்காத தாய்மார் குறைவு. கேட்கிறவர்கள் விளையாட்டாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் பிள்ளைக்கு ஏழு மாதமாகி, கை கால் எல்லாம் மெலிந்து, வயிறு மட்டும் ஐந்து மாதம் போல முன்னுக்கு நிற்கிற ஒருத்திக்கு அது விளையாட்டாக இருப்பதில்லை. நாங்கள் போய்வரும் தோட்டமொன்றில் ஒரு தங்கச்சி இந்தப் பேச்சுக்குப் பயந்தே கிளினிக் நாளில் பிள்ளையை மாமியாரிடம் கொடுத்தனுப்பினார், தான் வரவில்லை. லயத்துக்குப் போய் விசாரித்தபோது மெதுவாகச் சொன்னார்: "படுத்து எந்திரிக்கிறப்ப வயித்து நடுவுல வரப்பு மாதிரி ஒன்னு எழும்புது மிஸி. உள்ளுக்குள்ள கட்டியோன்னு பயமா இருக்கு. அவருகிட்டகூட சொல்லல."

அது கட்டி அல்ல. வயிற்றுத் தசை விலகல். அந்தத் தங்கச்சியைப்போல வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் இன்னும் பலர் என்பதால் இந்த இதழில் அதைப் பற்றிப் பேசுகிறோம்.

நமது வயிற்றின் முன்பக்கத்தில், நெஞ்சுக்கூட்டின் அடியிலிருந்து கீழே இடுப்பின் முன் எலும்பு வரை, இரண்டு நீளமான தசைகள் பக்கம் பக்கமாக இறங்குகின்றன. இரண்டையும் நடுவில் சேர்த்துப் பிடிப்பது வெள்ளை நிறமான ஒரு நார்ப்பட்டி. இரண்டு சாக்கைச் சேர்த்துத் தைத்தால் நடுவில் தையல் இருக்குமல்லவா, அதைப்போல. கர்ப்பகாலத்தில் கருப்பை வளர வளர இந்தத் தையல் இழுபட்டு அகலமாகிறது. இரண்டு தசைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. உடம்பில் ஊறும் சில சுரப்புகளும் அந்த நாரை இளக்கி விடுகின்றன. பிள்ளைக்கு இடம் வேண்டுமே! கடைசி வாரங்களில் ஏறக்குறைய எல்லாத் தாய்மாருக்கும் இந்த விலகல் இருக்கும். ஆகவே இது யாரும் செய்த தவறால் வந்ததல்ல, பத்தியம் காக்காததால் வந்ததும் அல்ல.

பிள்ளை பிறந்த பிறகு தையல் மெல்ல மெல்லச் சுருங்கும். எவ்வளவு நாளில்? நோர்வே நாட்டில் முதற்பிள்ளை பெற்ற 300 தாய்மாரைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. பிரசவமாகி 6 வாரத்தில் நூற்றுக்கு 60 பேருக்கு விலகல் இருந்தது. 6 மாதத்தில் 45 பேர். ஒரு வருடம் போன பிறகும் நூற்றுக்கு 33 பேருக்கு மூடவில்லை. அதே ஆய்வில் கண்ட இன்னொரு விஷயம்தான் நமக்கு முக்கியம்: வாரத்தில் 20 தடவைக்கு மேல் பாரம் தூக்கிய தாய்மாரிடம் இந்த விலகல் கூடுதலாகக் காணப்பட்டது.

வாரத்தில் 20 தடவை! தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, கொழுந்துக் கூடை, இடுப்பில் மூத்த பிள்ளை. நம்முடைய அக்கா தங்கச்சிமார் அதை இரண்டு நாளில் தாண்டி விடுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு, எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் தாய்க்கு 12 வாரம் உண்டு. அதில் பிரசவத்துக்குப் பின்னால் வருவது 10 வாரம். மேலே சொன்ன கணக்கை வைத்துப் பாருங்கள். பத்தாவது வாரம் முடிந்து கூடையைத் தலையில் மாட்டுகிற அன்றைக்கு, நம் தாய்மாரில் பாதிப் பேருக்காவது தையல் இன்னும் சேர்ந்திருக்காது என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. லீவு முடிந்தது என்றால் வயிறும் தயார் என்று அர்த்தமில்லை. லீவு இருக்கும்போதே "நல்லாத்தானே இருக்கேன்" என்று விறகுக்குப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறோம்.

நீங்களே பார்க்கலாம்

இதற்கு மெஷின் ஒன்றும் தேவையில்லை. பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். ஒரு கையின் விரல்களைத் தொப்புளுக்குச் சற்று மேலே, நடுக்கோட்டில், குறுக்காக வைத்து இலேசாக அழுத்துங்கள். இப்போது தலையையும் தோளையும் மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். இரண்டு பக்கமும் தசை இறுகி விரலைத் தொடும். நடுவில் எத்தனை விரல் இறங்குகிறது? தொப்புளிலும் அதற்குக் கீழேயும் அதேபோலப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால், அல்லது நடுவில் கூரை முகடு மாதிரி எழும்பினால், விலகல் இருக்கிறது. சிசேரியன் செய்தவர்கள் காயம் நன்றாக ஆறிய பிறகு, மருத்துவமாதுவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இருந்தால் பயப்பட வேண்டாம். இதனால் குடல் வெளியே வந்துவிடாது. முதுகுவலி எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்றும் நாங்கள் சொல்லமாட்டோம். அந்த நோர்வே ஆய்வில் விலகல் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே முதுகுவலியில் வித்தியாசம் காணப்படவில்லை. முதுகு வலித்தால் அதைத் தனியாகக் காட்டுங்கள்.

கூடையும் வயிறும்

கூடை முதுகில்தானே கிடக்கிறது, வயிற்றுக்கு என்ன என்று கேட்பீர்கள். மெதுவாக நடக்கிறபோது அவ்வளவு இல்லை. நிறைந்த கூடையைத் தரையிலிருந்து ஒரே இழுப்பில் தூக்கி முதுகில் போடுகிற அந்த நேரத்தில்தான் வினை. மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, "ஹும்" என்று தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, பலவீனமான அந்தத் தையலைத்தான் முட்டும். ஈரக் கொழுந்து என்றால் பாரம் இன்னும் கூடும்.

ஆகவே, தூக்கும்போது மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்குங்கள். மூச்சைப் பிடிக்கவே கூடாது. கூடையைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரத்துக்குக் கல்லுக்கட்டோ மண் திட்டோ பார்த்து அதன்மேல் வைத்து, திரும்பி நின்று கயிற்றை மாட்டிக்கொண்டால் குனிந்து இழுக்கிற வேலை இல்லை. பக்கத்து நிரையில் இருக்கிறவரை "ஒரு கை பிடிங்க அக்கா" என்று கேட்பதில் வெட்கமில்லை. கூடை வழிய வழியக் காத்திருக்காமல் பாதியிலேயே சாக்கில் கொட்டிவிடலாம். கங்காணிமாரும் கணக்கப்பிள்ளைமாரும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும்: பிள்ளை பெற்று வந்த ஒருத்தி சாக்கைத் தூக்க இன்னொருவரைக் கூப்பிட்டால், அது சோம்பல் அல்ல.

காலையில் எழும்பும்போது மல்லாந்தபடியே நேரே எழும்பாதீர்கள். முதலில் ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழும்புங்கள். மலச்சிக்கலில் முக்குவதும், விடாத இருமலும் இதே வேலையைத்தான் செய்யும். தண்ணீர், கீரை, பழம் வேண்டும். இரண்டு வாரம் கடந்த இருமலை டிஸ்பென்சரியில் காட்டியே ஆகவேண்டும்.

பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அதே மாதிரி முழங்காலை மடக்கிப் படுத்து, மூக்கால் மூச்சை இழுங்கள். பிறகு ஊதாங்குழலால் அடுப்பு ஊதுகிற மாதிரி மெல்ல ஊதிக்கொண்டே தொப்புளை முதுகுப் பக்கம் இழுத்து, கீழே மூத்திரத்தை அடக்குவதுபோல இறுக்குங்கள். ஐந்து எண்ணும் வரை வைத்து, சாதாரணமாக மூச்சு விட்டபடி, பிறகு தளர்த்துங்கள். பத்துத் தடவை, நாளைக்கு இரண்டு மூன்று முறை. பழகிய பிறகு, வயிறு அப்படி இறுகியிருக்கும்போதே ஒரு குதிகாலைத் தரையில் தேய்த்து நீட்டி மடக்குங்கள், பிறகு மற்றக் கால். படுக்க நேரமெங்கே என்பீர்கள்! பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது உட்கார்ந்தபடியே முதற்பயிற்சியைச் செய்யலாம். கையைத் தலைக்குப் பின்னால் கட்டிப் படுத்து எழும்புவது, இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது ஆகியவை ஆரம்பத்தில் வேண்டாம். எதைச் செய்தாலும் நடுவில் முகடு எழும்பினால் அது இப்போதைக்குக் கூடுதல் என்று நிறுத்துங்கள்.

செய்தால் இடைவெளி முழுக்க மூடிவிடுமா? சிலருக்கு மூடும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும். தசை பலமாகி, பாரத்தைத் தாங்குகிற மாதிரி ஆனால் ஒரு விரல் மிஞ்சியிருப்பது பெரிதல்ல.

ஆத்தா காலத்து வழக்கம் ஒன்று உண்டு, பிரசவமானதும் பழைய சேலையால் வயிற்றைக் கட்டுவது. கட்டினால் நடக்க இதமாக இருக்கும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் துணி தசையைச் சேர்த்து வைக்காது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே போய், கருப்பையைத் தாங்குகிற தசைக்குக் கேடாகும். மெதுவாகக் கட்டுங்கள், படுக்கும்போது அவிழ்த்துவிடுங்கள்.

உடனே போக வேண்டிய நேரம்

தையல் இழுபடுவது வேறு, பிரிவது வேறு. பிரிந்தால் அது குடலிறக்கம், ஹேர்னியா என்று டொக்டர் சொல்வது. நீளமான முகடாக இல்லாமல், தொப்புளிலோ பழைய சத்திரசிகிச்சைத் தழும்பிலோ அரையிலோ உருண்டையாக ஒரு வீக்கம் இருமும்போது தள்ளினால், வலி இல்லாவிட்டாலும் டொக்டரிடம் காட்டுங்கள். அந்த வீக்கம் கல்லாகி, உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் சேர்ந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. குடல் சிக்கிக்கொண்டிருக்கலாம். இராத்திரியானாலும் தோட்டத்து வாகனத்தைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எண்ணெய் போட்டுத் தேய்ப்பதும் அமுக்கி உள்ளே தள்ளுவதும் வேண்டாம்.

ஆண்களுக்கும் இது வரும். கொழுப்பு ஏறிய தொந்தி உள்ளிருந்து தள்ளினாலும் அதே தையல்தான் இழுபடும். 50 கிலோ பசளை மூடையை மூச்சைப் பிடித்துத் தூக்குகிற அண்ணன்மாரும் மேலே சொன்னபடி படுத்துப் பார்க்கலாம். தொந்தி குறைந்தால்தான் அவர்களுக்குத் தையலின் இழுவை குறையும்.

அந்தத் தங்கச்சிக்கு முதலில் நான்கு விரல் இறங்கியது. ஐந்து மாதத்துக்குப் பிறகு பார்த்தபோது இரண்டரை. வயிறு இன்னும் கொஞ்சம் முன்னுக்குத்தான் இருக்கிறது, அவரும் கவலைப்படவில்லை. இப்போது பிள்ளையை நிறுக்க அவரே தூக்கிக்கொண்டு வருகிறார். நீங்களும் அடுத்த கிளினிக்கில் பிள்ளையை நிறுத்து முடிந்ததும், "என் வயித்தையும் ஒருக்கா பாருங்க மிஸி" என்று கேளுங்கள். திரைக்குப் பின்னால் ஒரு பாய் போட்டு வைத்திருக்கிறோம்.