கூடிச் செய்யும் அதிதி பூஜை

க்ருஹஸ்தனுக்கு விதிக்கப்பட்ட பஞ்ச மஹா யஜ்ஞங்களுள் மநுஷ்ய யஜ்ஞம் என்பது அதிதியைப் போற்றுதலாகும். 'திதி' என்பது நாள். நாள் குறித்து வராமல் வாசலில் வந்து நிற்பவன் அதிதி. அவனுக்குச் செய்யத் தக்கவற்றைக் கூறும் தர்ம சாஸ்த்ரங்கள் அன்னத்தோடு நின்றுவிடவில்லை. ஆஸனமும், தங்குமிடமும், நீரும், இன்சொல்லும் செல்வமில்லாதவன் வீட்டிலும் மறுக்கப்படலாகாது என்பது அவற்றின் கருத்து. சோறிட்டு அனுப்புவோர் பலர் உளர். இடம் கொடுப்போர் சிலரே. இடம் கொடுத்தவன் இரவு முழுதும் வந்தவனோடு உடனிருக்க வேண்டும் அன்றோ?

திருக்கோவலூரில் முதலாழ்வார்கள் மூவரும் கூடிய வரலாற்றை அறியாத வைஷ்ணவர் இலர். மழையும் இருளும் சூழ்ந்த இரவில் பொய்கையாழ்வார் ஓர் இடைகழியில் சயனித்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் வேண்ட, ஒருவர் படுக்கக்கூடிய இடத்தில் இருவர் அமரலாம் என்று எழுந்து அமர்ந்தார். பேயாழ்வாரும் வரவே, மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நின்றனர். இடம் வளரவில்லை; இருந்தவர்கள் தம் வசதியைக் குறைத்துக்கொண்டனர். எம்பெருமான் நான்காமவனாக வந்து நெருக்கியதும் அந்த இடத்திலேயே என்று பெரியோர் அருளிச்செய்வர்.

தாயும் தந்தையும் குழந்தைகளுமாக ஒரு குடும்பமே வீடிழந்து வந்து நின்றால், தனியொரு க்ருஹஸ்தனால் எத்தனை நாள் தாங்க இயலும்? அக்காரியத்தைப் பல வழிபாட்டுச் சபைகள் கூடிச் செய்யலாம் என்பதற்கு அமெரிக்க தேசத்தில் தோன்றிய ஒரு தொண்டு சான்றாக உள்ளது.

1982ஆம் ஆண்டில் கேரன் ஓல்சன் என்னும் அம்மையார், அலுவல் நிமித்தம் நியூயார்க் நகரத்தில் சென்றுகொண்டிருந்தபோது, வீடற்ற மூதாட்டி ஒருத்திக்கு உண்ண ரொட்டி வாங்கிக் கொடுத்து, சிறிது நேரம் அவளுடன் பேசினார். அதன்பின் தம் இரு புதல்வர்களையும் அழைத்துச் சென்று, தெருவில் வாழ்வோர்க்கு உணவளித்து வந்தார். தாம் வசித்த நியூ ஜெர்ஸி மாநிலத்து யூனியன் வட்டாரத்திலேயே வீடிழந்த குடும்பங்கள் உள்ளன என்று பின்னர் அறிந்து, அங்கிருந்த வழிபாட்டுச் சபைகளை அணுகினார். 11 சபைகள் தம் கட்டடங்களில் இடமளிக்க முன்வந்தன. பகற்பொழுதில் தங்கவும் நீராடவும் ஒய்.எம்.சி.ஏ. இடம் தந்தது. வாகன வியாபாரி ஒருவர் விலை குறைத்து ஒரு வேன் கொடுத்தார். 1986ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பணி தொடங்கியது. 1988இல் அது தேசம் தழுவிய அமைப்பாயிற்று. 2003இல் 'ஃபேமிலி ப்ராமிஸ்', அதாவது 'குடும்பத்திற்கு அளித்த வாக்கு' என்னும் பெயரைப் பெற்றது. இன்று 200க்கும் மேற்பட்ட கிளைகளாகப் பரவியுள்ளது.

புதிய கட்டடம் எதுவும் எழுப்பாமலே இது எவ்வாறு கைகூடிற்று? வாரநாட்களில் மாலைக்குமேல் வெறுமனே பூட்டிக் கிடந்த சபைக் கூடங்களும் பாடசாலை அறைகளுமே இரவில் படுக்கையறைகள் ஆயின. ஒரு வட்டாரத்தில் 13 சபைகள் சேர்ந்தால், ஒவ்வொன்றும் ஆண்டில் நான்கு வாரம் ஏற்க, 52 வாரமும் நிறைவுபெறும். ஒரு சமயத்தில் தங்குவோர் மூன்று முதல் ஐந்து குடும்பங்களே. ஏறத்தாழ 14 பேர். அவ்வாரத்திற்குரிய சபையார் இரவுணவு சமைத்து, விருந்தினரோடு அமர்ந்து உண்டு, அவர்களில் சிலர் அங்கேயே உறங்குவர். இடவசதியில்லாத சிறிய சபையார் அருகிலுள்ள பெரிய சபைக்கு உணவும் ஆளும் அனுப்பித் துணை செய்வர். பகலில் ஒரே நிலையத்தில் தங்கிப் பெற்றோர் வேலையும் வீடும் தேடுவர். தபாலுக்கும் பள்ளிக்கும் அந்நிலையமே அவர்களுக்கு முகவரி.

இம்முறை உத்ஸவம் காண வந்திருக்கும் அன்பர்களுக்குப் புதிதன்று. எம்பெருமான் நாள்தோறும் ஒவ்வொரு மண்டபத்தில் எழுந்தருள, ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் உபயதாரரின் மண்டகப்படி நடக்கிறது. உத்ஸவம் முழுவதையும் ஒருவரே ஏற்பதாயின் செல்வரும் தயங்குவர். ஒருநாள் முறை என்றால் எளியோரும் மகிழ்ந்து ஏற்பர். கைங்கர்யம் தடையின்றி நடப்பதற்குப் பெருஞ்செல்வத்தினும் முறை தவறாமையே முக்கியம்.

இதில் மூன்று தர்மங்கள் கவனிக்கத் தக்கவை.

முதலாவது, குடும்பத்தைப் பிரிக்காமை. வீடற்றோர் விடுதிகள் பலவற்றில் ஆண்கள் ஓரிடம், பெண்களும் குழந்தைகளும் வேறிடம் என்பது ஏற்பாடு. தந்தையும் வளர்ந்த மகனும் வேறு வாசலுக்கு அனுப்பப்படுவர். வீட்டை இழந்த துயரத்தோடு ஒருவரையொருவர் பிரியும் துயரமும் சேர்ந்தால், குழந்தை எதைப் பற்றி நிற்கும்? ஆதலின் குடும்பம் ஒன்றாகவே தங்குதல் இத்தொண்டின் அடிப்படை.

இரண்டாவது, விருந்தினரிடம் சமயப் பிரசாரம் செய்யாமை. சர்ச்சுகளும் யூத ஜெபாலயங்களும் பிறவும் தத்தம் ஆராதனையில் வேறுபட்டே இருக்கின்றன. தங்க வந்தவனிடம் மட்டும் அவ்வேறுபாட்டைப் பேசுவதில்லை. இடமின்றி வந்தவனுக்குப் போதனை செய்வது, அவன் எழுந்து போக இயலாத நிலையைப் பயன்படுத்திக் கொள்வதாகும்.

மூன்றாவது, குறையை ஒப்புக்கொண்டு திருத்திக்கொள்ளுதல். வாரந்தோறும் இடம் மாறுவது குழந்தைகளுக்கு எளிதன்று. மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதும் வீடின்மையை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். 2020இல் கொரோனா தொற்று பரவியபோது இவ்வாறு மாறித் தங்குவது இயலாமற்போயிற்று. அதன்பின் பல கிளைகள் குடும்பங்களை நிலையான ஓரிடத்தில் தங்கவைத்து, சபையார் முறை வைத்து அங்கே சென்று உபசரிக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டன. விருந்தினர் நடந்தது போதும், உபசரிப்போர் நடக்கட்டும் என்னும் இம்மாற்றம் அதிதி தர்மத்திற்கு முற்றும் உகந்ததே.

வாடகை ஏற்றமும், வேலையிழப்பும், நோயும் எந்த நாட்டிலும் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிடக் கூடும். வெறுமையாய்க் கிடக்கும் கூடங்களும், பண்டிகை நாட்களில் மட்டும் எரியும் அடுப்புகளும் எல்லா ஊர்களிலும் உள்ளன. குறைவாயிருப்பது, 'இந்த வாரம் எங்கள் முறை' என்று சொல்லும் துணிவு ஒன்றே. நாள் குறியாது வருபவர்க்கு நாள் குறித்துக்கொண்டு காத்திருக்கும் நல்லோர் எங்கும் பெருகவும், அவர்கள் கூடிச் செய்யும் கைங்கர்யம் இடையறாது நடக்கவும், இடைகழியில் அடியார்களோடு நெருங்கி நின்ற எம்பெருமான் அனுக்ரஹிப்பானாக!