குரல் அடைப்பும் மூட்டுவாதமும்

கோவிலில் பாட்டுப் படிப்பவருக்குக் குரல் அடைத்தால் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறோம். கொத்தமல்லியில் குற்றமில்லை. தடிமனால் வந்த அடைப்பு இரண்டொரு வாரத்தில் மாறிவிடும். மூன்று வாரமாகியும் மாறாவிட்டால் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டவேண்டும். மூட்டுவாதமோ லூப்பஸ் நோயோ உள்ளவர்கள் இன்னும் கவனமாயிருக்க வேண்டும்.

இந்நோய்களில், கிருமிகளை எதிர்க்கவேண்டிய நிர்ப்பீடனம் சொந்த உடலையே தாக்குகிறது. விரல் மூட்டு வீங்குவதை நாம் காண்கிறோம். குரல்வளையினுள்ளும் இரு சின்ன மூட்டுக்கள் இருப்பதைப் பலர் அறியார். குரல் நாண்களைத் திறந்து மூட உதவுபவை அவையே. அவை வீங்கினால் குரல் கரகரக்கும், விழுங்க நோகும். இறுகிவிட்டால் மூச்சும் முட்டும்.

சிலருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, குரல் நாண்களின் நடுவே குறுக்காக வெண்மஞ்சள் தடிப்புகள் உண்டாகின்றன. லூப்பஸ் நோயாளரில் இவற்றை யப்பானிய வைத்தியர்கள் 1993இல் விவரித்தனர். பார்வைக்கு மூங்கிற் கணுப்போல இருப்பதால் பெயரும் அதுவே. குரல் கெட்டுப்போய்க் காட்டச் சென்ற இடத்தில், உள்ளே மறைந்திருந்த நோய் பிடிபட்டதும் உண்டு.

ஆகவே, தொண்டை வைத்தியரிடம் மூட்டு நோவையும், மூட்டு வைத்தியரிடம் குரல் அடைப்பையும் மறைக்காமல் சொல்லுவோம். சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பவரிடமும் இரண்டையும் சொல்லவேண்டும். குழாய் விடும்போது அவருக்கு அது முக்கியம். கத்திப் பேசுவதையும் குசுகுசுப்பதையும் குறைக்கலாம். குளிசைகளை நாமாக நிறுத்தக்கூடாது. மூச்சு இழுக்கையில் கீச்சொலி கேட்டால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.